பிரியமின்மை என்னும் குற்றம்

ஆங்கிலத்தில் ‘டிஸ்அஃபெக்ட்’ என்றொரு வினைச்சொல் உண்டு. பேச்சில் அதிகம் புழங்காதது. ஒருவர் மனத்தில் அதிருப்தியை உண்டாக்குதல், ஒருவருக்கு இன்னொருவர் மேல் இருக்கும் பற்றைப் போக்குதல் என்பதுபோல அகராதிகள் பொருள் சொல்கின்றன. ‘அஃபெக்ஷன்’ என்றால் பிரியம். அதன் முன்னால் ‘டிஸ்’ என்ற எதிர்மறை ஒட்டு. அப்படியானால் ‘டிஸ்அஃபெக்ஷன்’ என்பது பிரியம் அற்றுப்போன நிலை. தமிழில் அதிருப்தி என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதிருப்தி எதன் மேலும் வரும். காப்பியில் சர்க்கரை குறைந்தாலும் வரும், பேருந்து தாமதமானாலும் வரும். இந்த ஆங்கிலச் சொல் அப்படி எல்லா இடத்திலும் போய் உட்காராது. யார் மேல் பற்று இருந்தாக வேண்டும் என்று ஏற்கெனவே முடிவாகியிருக்கிறதோ, அவர் மேல் அது இல்லாமல் போவதைத்தான் பெரும்பாலும் குறிக்கும்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். அரசன் மேல் குடிகளுக்கு, தளபதி மேல் சிப்பாய்களுக்கு, தலைமை மேல் தொண்டர்களுக்கு டிஸ்அஃபெக்ஷன் வந்துவிட்டது என்று எழுதுவார்கள். குடிகள் மேல் அரசனுக்கு வந்துவிட்டது என்று எழுதுவதைப் பார்ப்பது அரிது. கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குக் கட்டவேண்டிய ஒரு பாக்கி நின்றுபோனது என்கிற புகார் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பிரியம் என்பது பாக்கியா? அதைக் கேட்டு வாங்கும் உரிமை யாருக்காவது உண்டா? பிறருக்கு அதிருப்தியை உண்டாக்குவது தவறா? பெண்களாகிய நமக்கு இவை பழகிய கேள்விகள். ஆனால் இந்தச் சொல்லின் வரலாற்றை வைத்துப் பார்க்கும்போது அவை வீட்டுக்குள் மட்டும் இருந்தவை அல்ல என்பது தெரிகிறது.

சட்டத்துக்குள் நுழைந்த சொல்

1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ராஜத்துரோகம் பற்றிய பிரிவு இல்லை. மெக்காலேயின் 1837ஆம் ஆண்டு வரைவில் இருந்தது பின்னர் விடுபட்டுப்போயிருந்தது. 1870இல்தான் அது 124அ என்னும் எண்ணோடு சேர்க்கப்பட்டது. சேர்த்தவர் வைஸ்ராயின் ஆலோசனை சபையில் சட்ட உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமும் அவர் கை வரைந்ததுதான். அந்தப் பிரிவின் நடுவில் இருந்த சொல் டிஸ்அஃபெக்ஷன். அரசாங்கத்தின் மேல் அந்த உணர்வைத் தூண்ட முயல்பவருக்கு நாடுகடத்தல் வரைக்கும் தண்டனை உண்டு. கல்லெறிவது, கலவரம் செய்வது, வரிகட்ட மறுப்பது எதையும் அந்தச் சொல் குறிக்கவில்லை. ஓர் உணர்வைக் குறித்தது.

அதே ஸ்டீஃபன் இந்தியாவிலிருந்து ஊர் திரும்பி 1873இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ என்பது அதன் தலைப்பு. மூன்றையும் போற்றுவதற்காக அல்ல, மூன்றின் எல்லையையும் காட்டி ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்குப் பதில் சொல்வதற்காக எழுதியது. பெண்கள் அடிமைப்பட்டிருப்பதைப் பற்றி மில் 1869இல் வெளியிட்ட நூலும் அதில் தாக்கப்படுகிறது. திருமணத்தில் யாராவது ஒருவர் கையில் அதிகாரம் இருந்தாக வேண்டும், அது கணவனிடம் இருப்பதே இயல்பு, கப்பலில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரி தன் கருத்து வேறாக இருந்தாலும் கீழ்ப்படிவதுபோல மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்பது ஸ்டீஃபனின் வாதம்.

மில் தன் நூலில் கூர்மையாக ஒன்றைச் சொல்லியிருந்தார். பெண்களின் கீழ்ப்படிதல் மட்டும் ஆண்களுக்குப் போதவில்லை, அவர்களுடைய மனமும் வேண்டியிருக்கிறது. கட்டாயத்தால் பணிகிற அடிமை அல்ல, விரும்பிப் பணிகிற அடிமையே வேண்டியிருக்கிறது. அதனால்தான் பெண்களின் கல்வி முழுவதும் அந்த மனத்தைத் தயாரிப்பதற்குத் திருப்பிவிடப்பட்டது என்றார். மில் மனைவிகளைப் பற்றிச் சொன்னதைத்தான் ஸ்டீஃபன் குடிமக்களிடம் எதிர்பார்த்தார். அடங்கியிருந்தால் மட்டும் போதாது, பிரியமாகவும் இருக்க வேண்டும். இந்த ஸ்டீஃபனின் தம்பி மகள்தான் வர்ஜீனியா வுல்ஃப். பெண்களின் மனத்தில் அதிருப்தியை உண்டாக்கிய ஆங்கில எழுத்தில் அவருடையதற்கு எவ்வளவு பெரிய இடம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வழக்குகள்

டிஸ்அஃபெக்ஷன் சட்டத்தின் முதல் பெரிய வழக்கு 1891இல் கல்கத்தாவில் நடந்தது. ‘வங்கவாசி’ பத்திரிகை மேல் வழக்கு. பத்திரிகை எதை எதிர்த்து எழுதியது? சம்மத வயது மசோதாவை. அதற்குச் சற்று முன்பு பூல்மணி தாசி என்ற சிறுமி, ஏறக்குறைய பதினொரு வயது, கணவனின் உடலுறவால் இரத்தம் பெருகி இறந்திருந்தாள். அவனுக்கு முப்பது வயதுக்கு மேல். சட்டப்படி அன்றைய சம்மத வயது பத்து. அவள் பத்தைத் தாண்டிவிட்டாள், அதனால் அது வன்புணர்ச்சி ஆகவில்லை. அவனுக்கு ஓராண்டுச் சிறை மட்டுமே. அந்த வயதைப் பன்னிரண்டாக உயர்த்த வந்த மசோதா இந்து மதத்தை அழிக்க வந்தது என்று வங்கவாசி எழுதியது. அரசு ராஜத்துரோகம் என்றது.

தலைமை நீதிபதி பெத்தரம் ஜூரிகளுக்கு அந்தச் சொல்லை விளக்கினார்: பிரியத்துக்கு எதிரான உணர்வு, அதாவது வெறுப்பு. ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பத்திரிகை வருத்தம் தெரிவிக்க, வழக்கு கைவிடப்பட்டது. பன்னிரண்டு வயதுகூட நிறையாத பெண் குழந்தையின் உடலை யார் ஆள்வது என்று ஆண்கள் இரண்டு தரப்பாக நின்று சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில் யாருடைய பிரியம் யாருக்குக் குறைந்தது என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வியாக இருந்தது. பூல்மணிக்கு அந்தக் கணவன் மேல் பிரியம் இருந்ததா என்று கேட்க அங்கே இடமே இல்லை.

இரண்டாவது வழக்கு ருக்மாபாயுடையது. இது ராஜத்துரோக வழக்கு அல்ல. ஆனால் கேள்வி ஒன்றுதான். பதினொரு வயதில் தாதாஜி பிகாஜி என்பவருக்கு மணம் செய்து வைக்கப்பட்ட ருக்மாபாய், தாயோடும் மருத்துவரான மாற்றாந்தந்தையோடும் பம்பாயில் வளர்ந்தார், படித்தார். 1884இல் மனைவியைத் தன்னோடு அனுப்பச் சொல்லித் தாதாஜி உயர்நீதிமன்றம் போனார். அறியாத வயதில், தன் சம்மதமில்லாமல் நடந்த திருமணத்துக்குத் தான் கட்டுப்பட்டவள் அல்ல என்றார் ருக்மாபாய். 1885இல் நீதிபதி பின்ஹே ஒரு பெண்ணை விருப்பத்துக்கு மாறாக அப்படி அனுப்புவது மிருகத்தனம் என்ற நோக்கில் மனுவைத் தள்ளினார். மேல்முறையீட்டுக்குப் பின் 1887இல் நீதிபதி ஃபாரன், கணவனிடம் போ, இல்லையேல் ஆறு மாதச் சிறை என்றார். சிறைக்குப் போகிறேன் என்றார் ருக்மாபாய். 1888இல் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வழக்கு சமரசமாக முடிக்கப்பட்டது. அவர் லண்டன் சென்று மருத்துவம் படித்துத் திரும்பி, குஜராத்தில் பல்லாண்டுகள் பணியாற்றினார். இங்கிலாந்தில் அப்படி மறுக்கும் மனைவியைச் சிறைக்கு அனுப்பும் வழக்கத்தை அந்நாட்டுப் பாராளுமன்றம் 1884லேயே ஒழித்துவிட்டது. தாதாஜி வழக்குப் போட்ட அதே ஆண்டு. அங்கே செல்லாத ஆயுதம் இங்கே ஒரு பெண்ணின் மேல் பிரயோகிக்கப்பட்டது.

ருக்மாபாயைக் கடுமையாக எதிர்த்தவர்களில் பால கங்காதர திலகர் முக்கியமானவர். சம்மத வயது மசோதாவையும் அவர் எதிர்த்தார். மூன்றாவது வழக்கில் கூண்டில் நின்றவர் அவர்தான். 1897இல் ‘கேசரி’யில் வந்த எழுத்துகளுக்காக 124அ பாய்ந்தது. நீதிபதி ஸ்ட்ராச்சி இன்னும் ஒரு படி போனார்: டிஸ்அஃபெக்ஷன் என்றால் பிரியம் இல்லாமலிருப்பது, அவ்வளவுதான். ஒன்பது ஜூரிகளில் ஐரோப்பியர் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், இந்தியர் மூன்று பேர் இல்லை என்றார்கள். பதினெட்டு மாதக் கடுங்காவல். அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, விசுவாசமின்மையும் பகை உணர்வுகளும் அந்தச் சொல்லில் அடங்கும் என்று எழுதிச் சேர்த்தார்கள்.

திலகரின் மீதான தீர்ப்பு அநியாயமானது. அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பெண், பிரியமில்லை, போகமாட்டேன் என்று சொன்னபோது சிறை சரிதான் என்ற பக்கம் நின்றவருக்கு, பத்தாண்டுகள் கழித்து அரசு அதே கணக்கைத்தான் எழுதிக் காட்டியது. பிரியம் என்பது செலுத்த வேண்டிய கடன் என்று ஓரிடத்தில் ஒப்புக்கொண்டால் இன்னோர் இடத்தில் மறுப்பது கடினம்.

‘யாரோ ஏத்தி விட்டிருக்காங்க’

டிஸ்அஃபெக்ட் என்ற வினை பிறவினை. அதாவது, அந்த வினையைச் செய்கிற ஒருவர் வெளியே இருக்க வேண்டும். அமைதியாக இருந்த மனத்தை ஒருவர் வந்து கலைத்தார் என்பதுதான் அதன் கதை. பிரியமே இயற்கை நிலை, அது குறைந்தால் ஏதோ ஓர் அந்நியக் கை காரணம்.

தமிழில் நாம் இந்த உணர்வைச் சொல்லும் முறை வேறு. ‘எனக்குப் பிடிக்கல’, ‘மனசு விட்டுப்போச்சு’, ‘வெறுத்துப்போச்சு’. யாரும் எதையும் செய்யவில்லை. உள்ளே ஏதோ முடிந்துபோனது, அவ்வளவே. ஆனால் ஒரு பெண் இதைச் சொன்ன மறுநிமிடம் வீடு அதைப் பிறவினையாக மாற்றிவிடும். யாரோ ஏத்தி விட்டிருக்காங்க. அவ அம்மா ஓதி விட்டிருப்பா. வேலைக்குப் போற இடத்துல எவளோ தூபம் போட்டிருக்கா. படிக்க வெச்சதுதான் தப்பு. இப்படிச் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. அவள் சொன்ன காரணங்களை யாரும் கேட்க வேண்டியதில்லை. தானாக யோசித்து ஒரு முடிவுக்கு வரக்கூடியவள் அவள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கலைத்தவரைக் கண்டுபிடித்து விலக்கிவிட்டால் பிரியம் பழையபடி ஊறிவிடும் என்று நம்பலாம்.

சட்டமும் இந்த வீட்டுக் கதையை நம்பியது. கணவனுள்ள பெண்ணைத் தகாத உறவுக்காக ஆசைகாட்டிக் கூட்டிப்போவதைத் தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவு குற்றமாக்கியிருந்தது. தானாகவே போனாள் என்ற சாத்தியம் அந்த வாக்கியத்தின் அமைப்பிலேயே மங்கலாகிவிடுகிறது. 497ஆம் பிரிவின்படி மணமான பெண்ணோடு உறவு கொண்ட ஆண் குற்றவாளி. கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. 2018இல் உச்சநீதிமன்றம் 497ஐ ரத்து செய்தது. 498 மட்டும் புதிய நியாய சம்ஹிதையில் 84ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

அரசும் வீட்டைப்போலவே பேசும். இடிந்தகரையில் கூடங்குளம் அணுஉலையை எதிர்த்து மீனவப் பெண்கள் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, பின்னாலிருந்து தூண்டுவது யார் என்பதைத்தான் ஆள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வெளிநாட்டுக் கை தேடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் மேல் ராஜத்துரோக வழக்கு பதிவானது. தங்கள் கடலையும் பிள்ளைகளையும் பற்றிப் பயப்பட அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததா என்ன?

முகம் கோணாமல்

124அ பிரிவோடு சில விளக்கங்களும் உண்டு. அரசின் நடவடிக்கைகளைக் கண்டிக்கலாம், சட்டவழியில் மாற்றம் கோரலாம். ஆனால் அப்படிக் கண்டிக்கும்போது டிஸ்அஃபெக்ஷனைத் தூண்டக் கூடாது. குறை சொல், பிரியம் குறையாமல் சொல். இதைப் படிக்கும் எந்தப் பெண்ணுக்கும் இந்த விதி புதிதாக இருக்காது. ‘சொல்றத சொல்ற விதத்துல சொல்லணும்.’ ‘அதுக்கு மூஞ்சிய ஏன் தூக்கி வெச்சிக்கிற?’ குறையை ஒத்துக்கொள்வார்கள், ஆனால் குறை சொன்ன குரலின் மேல் வழக்குப் போடுவார்கள். கடைசியில் பேச்சு முழுவதும் அவள் குரலைப் பற்றியதாகிவிடும். சொன்ன விஷயம் அப்படியே கிடக்கும்.

1922இல் அகமதாபாத்தில் காந்தி இதே பிரிவில் விசாரிக்கப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டு, பிரியத்தைச் சட்டத்தால் உற்பத்தி செய்யவோ கட்டுப்படுத்தவோ முடியாது என்று நீதிமன்றத்தில் வாதிட்டார். இந்தச் சட்டத்தைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொன்னவர்கள் குறைவு. ஆனால் அவருடைய தன்வரலாற்றில் வேறொரு சம்பவம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் வீட்டில், தங்கியிருந்தவர்களின் சிறுநீர்க் கலத்தை எடுத்துச் சுத்தம் செய்யும் வேலை. அந்தக் கலம் பஞ்சமர் குடும்பத்தில் பிறந்த ஒரு கிறிஸ்தவருடையது. கஸ்தூர்பா கண்ணீரோடு எடுத்துப் போனார். எடுத்துப் போனது போதவில்லை, மலர்ந்த முகத்தோடு எடுக்க வேண்டும் என்று காந்தி கத்தினார். வாக்குவாதம் முற்றி, அவர் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனார். வெட்கத்தோடுதான் இதை எழுதியிருக்கிறார்.

இதில் கஸ்தூர்பாவின் தயக்கத்தில் சாதி இருந்தது. அதை நியாயப்படுத்த வேண்டியதில்லை. அந்த வீட்டில் எல்லாருடைய கலத்தையும் ஒரேபோல் எடுக்க வேண்டும் என்பது நியாயமான விதி. அவரும் அதைச் செய்தார். கோரிக்கை அதோடு நிற்கவில்லை என்பதுதான் விஷயம். செயலுக்கு மேல் சிரிப்பையும் கேட்டார். அந்த இடத்தில்தான் நியாயம் அதிகாரமாக மாறுகிறது.

ஒருவரிடம் செயலைக் கோரலாம். வரி கட்டு, சட்டத்தை மதி, கொடுத்த வாக்கைக் காப்பாற்று, வீட்டுச் செலவில் உன் பங்கைக் கொடு, யாரையும் அடிக்காதே. இவை மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்யக்கூடியவை. செய்தாயா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிடலாம். உணர்வு அப்படியல்ல. ஆணையிட்டால் வராது. வந்ததுபோல் நடிக்கத்தான் முடியும். ஆகவே பிரியத்தைக் கடமையாக்கினால் கிடைப்பது பிரியம் அல்ல, நடிப்பு. அதோடு, பிரியம் எப்போதும் போதாது. இன்னும் கொஞ்சம் கேட்க இடமிருந்துகொண்டே இருக்கும். அதனால் இந்தக் கடனை அடைத்து முடித்த பெண் ஒருத்தியும் இல்லை.

இரண்டு மறுப்புகள்

யாரும் யாருக்கும் பிரியம் கடன்பட்டவர்கள் இல்லையா? பெற்ற குழந்தையை அன்பில்லாமல் வளர்ப்பது தவறில்லையா? தவறுதான். சோறும் துணியும் கொடுத்துவிட்டு முகம்கூடப் பார்க்காத பெற்றோரை நாம் நல்லவர்கள் என்று சொல்வதில்லை. ஆனால் அங்கே கடன் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். வலிமையுள்ளவர், தன்னை நம்பித் தனக்குக் கீழே இருக்கும் உயிருக்குப் பட்ட கடன் அது. அந்தப் பிரியம் இல்லாமல் அந்த உயிர் வளர முடியாது. டிஸ்அஃபெக்ஷன் சட்டத்திலும் ருக்மாபாய் வழக்கிலும் திசை தலைகீழாக இருக்கிறது. பலமில்லாதவர் பலமுள்ளவருக்குப் பிரியம் செலுத்த வேண்டும். மனைவி பிரியமாக இல்லாவிட்டால் கணவன் வளராமல் போய்விடுவானா? அவனுடைய அதிகாரம் தன்னை அன்பு என்று சொல்லிக்கொள்ள முடியாமல் போகும், அவ்வளவே.

அடுத்த மறுப்பு: அப்படியானால் வெறுப்பைப் பரப்புவதும் உரிமைதானா? ஒரு சாதியின் மேல், ஒரு மதத்தவர் மேல் வெறுப்பை மூட்டும் பேச்சையும் விட்டுவிடலாமா? கூடாது. அங்கே கேட்பவர்கள் யாருக்கும் பிரியம் செலுத்தத் தவறவில்லை. பக்கத்துத் தெருவில் பாதுகாப்பாக வாழும் மனிதரின் உரிமை பறிபோகிறது. அந்த மனிதருக்கு நாம் பட்டிருப்பது பிரியம் அல்ல, தீங்கு செய்யாதிருத்தல். அரசுக்கும் கணவனுக்கும் எதிரான மனக்கசப்பு அவர்கள் உயிருக்கோ உடைமைக்கோ ஊறு செய்யாதவரை அவர்கள் இழப்பது ஒன்றுதான்: பிறர் மனத்தில் தங்களுக்கென்று ஒதுக்கிவைத்திருந்த இடம். 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்சநீதிமன்றமும் ஏறக்குறைய இந்த இடத்துக்குத்தான் வந்தது. சட்டப் பிரிவை ரத்து செய்யவில்லை, ஆனால் வன்முறையையோ பொது ஒழுங்கின் குலைவையோ தூண்டும் பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று சுருக்கியது. அதற்குப் பிறகும் வழக்குகள் நிற்கவில்லை. 2015இல் டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காகப் பாடகர் கோவன் இதே பிரிவில் கைதானார். குடியால் சீரழிந்த வீடுகளில் இருக்கும் பெண்களைக் கேட்டால் அந்தப் பாட்டு யாருடைய குரல் என்பது தெரிந்திருக்கும்.

நிம்மதியாக இருப்பவளைக் கெடுக்கலாமா

இனி நம்மை நோக்கி வரும் கேள்வி. பெண்ணியம் பேசுபவர்கள்மேல் எப்போதும் சுமத்தப்படும் குற்றம் இது: நல்லா இருக்கிற பொண்ணுங்களை ஏன் கெடுக்கறீங்க? இதை வெறும் பழிச்சொல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் நாம் அதைத்தான் செய்கிறோம். கட்டுரை எழுதுவது, கூட்டம் போடுவது, வகுப்பில் கேள்வி கேட்பது எல்லாமே, இருப்பதில் நிறைவடைந்திருந்த ஒருத்தியின் மனத்தைக் கலைக்கத்தான். அவள் வெளியேற வழியில்லாத இடத்தில் இருந்தால், அந்த அதிருப்தி அவளுக்கு வலி மட்டும்தானே?

நிறைவு என்று நாம் பார்ப்பது எதற்குச் சான்று என்பதை முதலில் கேட்க வேண்டும். வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் ஓர் உடல்நலக் கணக்கெடுப்பு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதத்தினர் தங்கள் உடல்நலம் சரியில்லை அல்லது சுமார் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம்தான். அமர்த்தியா சென் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டி எழுதியிருக்கிறார். அன்றைய வங்கத்தில் விதவைகளின் சாப்பாடும் உடல்நிலையும் எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். அவர்கள் ஆரோக்கியமாக இருந்ததால் அப்படிச் சொல்லவில்லை. புகார் சொல்ல உரிமை உள்ளவராகத் தங்களை நினைக்கவே பழகவில்லை. நிறைவு சில நேரம் நிறைவிலிருந்து வருகிறது. சில நேரம் எதிர்பார்ப்பதை நிறுத்தியதிலிருந்து வருகிறது. இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரியும்.

ஆகவே அதிருப்தியை உண்டாக்குவது தன்னளவில் தீங்கு அல்ல. அது ஒருத்திக்குத் தன் நிலையைப் பற்றிய உண்மையைத் திருப்பிக் கொடுப்பதாக இருக்கலாம். ஆனால் ‘உண்டாக்குதல்’ என்ற சொல்லையும் நாம் எச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் மனத்தில் இல்லாத ஒன்றை நாம் கொண்டுபோய் வைத்தோம் என்று நினைத்தால், வீட்டார் சொல்லும் கதையையே நாமும் சொல்கிறோம் என்று ஆகிவிடும். பெரும்பாலும் அது ஏற்கெனவே அங்கே இருந்திருக்கும். தலைவலியாக, தூக்கமின்மையாக, பாத்திரத்தை வேகமாக வைக்கும் சத்தமாக. நாம் கொடுப்பது ஒரு பெயர்.

பெயர் கொடுப்பவருக்குப் பொறுப்பும் உண்டு. எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வது தவறு. ருக்மாபாயின் கடிதங்கள் ‘ஓர் இந்துப் பெண்’ என்ற புனைபெயரில் ஆங்கிலப் பத்திரிகையில் வந்தபோது பலருடைய மனம் கலைந்தது. ஆனால் அவர் பிழைத்தது கடிதங்களால் மட்டும் அல்ல. வழக்குச் செலவுக்கும் ஆதரவுக்கும் ஒரு குழு பம்பாயில் அமைந்தது. லண்டனில் படிக்க உதவி கிடைத்தது. 1933இல் ‘குடி அரசு’ தலையங்கத்துக்காகப் பெரியார் மேல் இதே 124அ பாய்ந்தபோது, வெளியீட்டாளராகப் பெயர் கொடுத்திருந்த அவருடைய தங்கை எஸ்.ஆர். கண்ணம்மாளும் கைதானார், தண்டனை பெற்றார். அதிருப்தியை அச்சிடுவதற்கு ஒரு பெண் தன் பெயரைக் கொடுத்து அதன் விலையையும் கொடுத்தார். அறம் என்பது அங்கேதான் இருக்கிறது. கலைப்பதா வேண்டாமா என்பதைவிட, கலைந்தவளோடு யார் நிற்கப் போகிறார்கள் என்பது பெரிய கேள்வி.

சொல் போனது, பொருள் இருக்கிறது

2022 மே மாதம் உச்சநீதிமன்றம் 124அ பிரிவை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டமே போய்விட்டது. அதற்குப் பதில் வந்த 152ஆம் பிரிவு நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிப்பது பற்றிப் பேசுகிறது. அது எப்படிப் பயன்படும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் டிஸ்அஃபெக்ஷன் என்ற சொல் அதில் இல்லை. குடிமக்கள் அரசாங்கத்தின் மேல் பிரியமாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அந்தச் சொல்லில் எழுதிவைக்க இனி யாரும் துணியவில்லை.

குடும்பச் சட்டத்தில் கதை வேறு. ருக்மாபாய் இறந்தது 1955இல். அதே ஆண்டில்தான் இந்து திருமணச் சட்டம் வந்தது. அதன் 9ஆம் பிரிவு, விலகிப் போன கணவனையோ மனைவியையோ சேர்ந்து வாழ உத்தரவிடுமாறு நீதிமன்றத்தைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. சிறை இல்லை, உத்தரவை மீறினால் சொத்தை ஜப்தி செய்யலாம். 1983இல் ஆந்திர உயர்நீதிமன்றம் சரிதா வழக்கில் இந்தப் பிரிவைச் செல்லாது என்றது. சட்டம் இருவருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தாலும் கட்டாயத்தின் சுமை பெண் உடல்மேல்தான் விழும் என்று அந்தத் தீர்ப்பு கண்டது. அதே ஆண்டு டெல்லி உயர்நீதிமன்றம், அரசியல் சட்டத்தை வீட்டுக்குள் நுழைப்பது பீங்கான் கடைக்குள் காளையை விடுவதுபோல என்று வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. 1984இல் உச்சநீதிமன்றமும் பிரிவு செல்லும் என்றது. இந்தக் கோரிக்கை பிறந்த இங்கிலாந்து 1970லேயே அதை ஒழித்துவிட்டது. இங்கே இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஜீவனாம்சம் கேட்கும் மனைவிக்குப் பதிலாகக் கணவன் தாக்கல் செய்யும் மனு பல நேரம் இதுதான்.

பிரியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாட்டின் மேலும் மனிதர்கள் மேலும் பிரியம் இல்லாத வாழ்க்கை வறண்டது. பிரியத்தை நாம் மதிப்பதே அது கொடுக்கப்படாமலும் போகலாம் என்பதால்தான். எடுத்துக்கொள்ள முடியாத பிரியத்தைக் கொடுக்கவும் முடியாது. இதைச் சட்டத்துக்குச் சொல்லிப் புரியவைக்க நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. வீட்டுக்குச் சொல்லும் வேலை மிச்சமிருக்கிறது.

அதைத் தொடங்க ஒரு சிறிய வழி உண்டு. உன்னை யார் இப்படிப் பேச வெச்சது என்று அடுத்தமுறை யாராவது கேட்டால், பெயர்களைத் தேட வேண்டாம், படித்த புத்தகத்தையும் பழகிய தோழியையும் காட்டிக்கொடுக்க வேண்டாம். பிறவினையைத் தன்வினையாக்கினால் போதும். யாரும் ஏத்தி விடல. எனக்கே தோணுச்சு.